வாசகர் கேள்வி பதில்: ஈஎம்ஐ குறையுது சரி, கடன் குறையுதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் சங்கதிதான். 2025 பிப்ரவரிக்கு முன் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) அந்த டிசம்பருக்குள் 5.25-க்கு இறங்கியதிலிருந்து, 'உங்க லோனை எங்ககிட்ட மாத்திக்குங்க சார்' என்று ஆளாளுக்கு ஃபோன் போடுகிறார்கள் போலிருக்கிறது. மூன்று கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கே: வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்றில் மாறும் வட்டியில் கடன் ஓடுகிறது. பாக்கி 20 லட்சம், இன்னும் 15 வருஷம், வட்டி 9.75%, தவணை 21,187 ரூபாய். ஒரு வங்கியில் 8 சதவீதத்துக்குத் தருகிறோம், தவணை 16,729 ஆகிவிடும் என்கிறார்கள். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் ஆகுமே, மாற்றிவிடலாமா? (ஓசூர் வாசகர்)

ப: மாற்றலாம், ஆனால் அவர்கள் சொல்கிறபடி மாற்றாதீர்கள். 16,729 என்பதைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. 8 சதவீதத்தில் 15 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தொகை வரவே வராது, 20 வருஷம் போட்டால்தான் வருகிறது. உங்கள் கடனில் சத்தமில்லாமல் ஐந்து வருஷத்தைக் கூட்டிவிட்டு, தவணை குறைகிறது என்கிறார்கள். வட்டி இனி மாறாது என்று வைத்துக்கொண்டால், இப்போதைய கடனை அப்படியே கட்டி முடிக்க உங்களுக்கு ஆகப்போவது சுமார் 38.14 லட்சம். அந்த 'மலிவுக்' கடனுக்கு ஆவது 40.15 லட்சம். வட்டி ஒன்றே முக்கால் சதவீதம் குறைந்தும் கையைவிட்டு இரண்டு லட்சம் கூடுதலாகப் போகும்!

அதே 8 சதவீதத்தை மிச்சமுள்ள 15 வருஷத்துக்கே கேளுங்கள். தவணை 19,113 வரும், மாதம் 2,074 மிச்சம், மொத்தத்தில் 3.73 லட்சம். குடும்பச் செலவு இடித்துக்கொண்டு நிற்கவில்லை என்றால் இன்னொன்று செய்யலாம். கட்டிப் பழகிய 21,187-ஐயே புதிய வங்கியிலும் கட்டுங்கள். 180 மாதம் ஓட வேண்டிய கடன் 150 மாதத்தில் முடிந்துவிடும், மிச்சமாவது ஆறரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஃபோன் பண்ணுகிறவரிடம் தவணை எவ்வளவு என்று கேட்பதைவிட, எத்தனை தவணை என்று கேளுங்கள். பெரும்பாலும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது.

அதற்கு முன்னால், இப்போது கடன் கொடுத்திருப்பவரிடமே ஒருமுறை போய் உட்காருங்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவை தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்கின்றன. உங்கள் வட்டி இறங்காமல் நிற்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வெளியே போகப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால், ஒரு சிறு கட்டணத்தை வாங்கிக்கொண்டு குறைந்த வட்டிக்கு மாற்றித் தருவது பல இடங்களில் நடக்கிறது. அங்கே 8.25 கிடைத்தால்கூட வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். வெளியே மாற்றினால் பிராசஸிங் ஃபீஸ், வக்கீல் ஒப்பினியன், மதிப்பீட்டுக் கட்டணம், புது எம்ஓடி-க்கு (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒன்று மட்டும் வாங்கக் கூடாது: தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம். பழைய நிறுவனம் அப்படிக் கேட்டால் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள்.

கே: பிரதமர் வீட்டுக் கடன் எந்த வங்கியில் கொடுக்கிறார்கள்? எங்கள் குடும்ப வருமானம் வருஷம் 5 லட்சம். 2022-ல் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இருக்கிறோம். கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் புதுக் கடனாகிவிடும், மானியம் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். (தஞ்சாவூர் வாசகி)

ப: அம்மா, முதலில் அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கடன் கொடுப்பது வங்கிதான், அரசு அல்ல. அந்தக் கடனுக்கு அரசு தருவது வட்டி மானியம் மட்டும். பழைய திட்டத்தில் உங்கள் வருமானப் பிரிவுக்கான வட்டி மானியம் 2022 மார்ச் 31-ஓடு முடிந்துபோனது. இப்போது நடப்பது நகர்ப்புறத்துக்கான பிஎம்ஏஒய் (பிரதமர் வீட்டு வசதித் திட்டம்) 2.0, அதில் 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதிக்கப்பட்டு, பணமும் கைக்கு வந்த கடனாக இருக்க வேண்டும். வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 4 சதவீத மானியம், அதுவும் அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருஷத் தவணைகளாக.

உங்களுக்கு வருமானம் பொருந்துகிறது, ஆனால் குடும்பத்தில் யார் பேரிலும் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. நீங்கள் அந்த வீட்டில் உட்கார்ந்துதானே கடிதம் எழுதியிருக்கிறீர்கள்? கடனை இடம் மாற்றுவதால் வீடு இல்லாதவர் ஆகிவிட முடியாது. மானியம் ஏற்கெனவே வாங்கியவர்களும் கடனை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை கேட்க முடியாது. வட்டி குறைகிறது என்றால் அதற்காக மட்டும் மாற்றுங்கள், மேலே ஓசூர்க்காரருக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கும்தான்.

கே: கடனை வேறு வங்கிக்கு மாற்றி நாலு மாதம் ஆகிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பழைய வங்கியின் அடமானம் இன்னும் நிற்கிறது. புது வங்கி எம்ஓடி-யும் இருக்கிறது. ஒரே வீடு இரண்டு அடமானத்தில் இருப்பதுபோல் தெரிகிறதே? (மதுரை வாசகர்)

ப: பயப்படாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். பணம் கட்டி முடித்தால் கணக்குதான் மூடும், பதிவு தானாக மறையாது. கடன் அடைந்துவிட்டது என்று பழைய வங்கியின் அதிகாரி கையெழுத்திட்ட ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. அதைக் குறிப்பிட்டு கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நானே இதில் மாட்டியவன். கடனை அடைத்த அன்று மஞ்சள் கவரில் பத்திரக் கட்டைக் கொடுத்தார்கள், சந்தோஷத்தில் எண்ணிக்கூடப் பார்க்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆறு வருஷம் கழித்து வீட்டின் மேல் இன்னொரு கடனுக்குப் போனபோதுதான் ஈசி-யில் (வில்லங்கச் சான்றில்) பழைய அடமானம் நிற்பதும், கவரில் தாய்ப் பத்திரம் இல்லாததும் சேர்ந்தே தெரிந்தது. அந்தக் கிளையே வேறு கிளையோடு இணைந்துபோயிருந்தது, மூன்று மாதம் நடந்தேன். நீங்கள் பத்திரம் கொடுக்கும்போது வங்கி எழுதித் தந்த ஆவணப் பட்டியல் இருக்குமே, அதைக் கையில் வைத்துக்கொண்டு, புது வங்கிக்குப் போய்ச் சேர்ந்தவை எவை என்று ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்குங்கள். ரசீது பதிவான ஒரு வாரம் கழித்து ஈசி-யை மறுபடி போட்டுப் பாருங்கள்.