குழந்தை தூங்குகிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: பெண் குழந்தை பிறந்து 7 வாரம் ஆகிறது. குழந்தை நலமாக இருக்கிறாள். ஆனால் அவளைத் தூக்கினால் மனத்தில் எதுவுமே தோன்றுவதில்லை. காரணமில்லாமல் அழுகிறேன். அவள் தூங்கும்போதும் கூரையைப் பார்த்தபடி விழித்துக் கிடக்கிறேன். ‘எல்லாருக்கும் வருவதுதான், சரியாகிவிடும்’ என்கிறார்கள் வீட்டில். நான் கெட்ட தாயா, டாக்டர்?

பதில்: நிச்சயமாக இல்லை. வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மாருக்கு வரும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குவது அதற்கு ஒரு காரணம். இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கூரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். வெறும் களைப்பென்றால், குழந்தை கண்ணை மூடியதும் உங்கள் கண்ணும் சொருகியிருக்கும். படுக்க நேரம் கிடைத்தும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் நான் நோயைத்தான் சந்தேகிப்பேன். பாசத்தை மரத்துப்போகச் செய்வதும் இந்த நோயின் குணம்தான். சிகிச்சையில் அது திரும்பி வருவதைப் பல தாய்மாரிடம் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பிரசவம் பார்த்தவரிடமே தொடங்கலாம். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய, எடின்பரோ கேள்விப்பட்டியல் என்று ஒன்று 1987 முதல் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள்; ஐந்து நிமிட வேலை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது கடைசிக் கேள்வி. தயங்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

நோய் லேசாக இருந்தால் மனநல ஆலோசனையே போதும். மாத்திரை எழுதினால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சாக வேண்டும் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிட வேண்டும் என்றோ தோன்றினாலும், இல்லாத குரல்கள் கேட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை உங்களைத் தனியே விடக்கூடாது.

இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டுங்கள். இன்றிரவு ஒரு வேளைப் பாலை அவர் புகட்டட்டும். நீங்கள் வேறு அறையில் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து படுத்திருங்கள்.