பொம்மைப் படத்துக்கு ஆள் சேர்க்கும் அக்கா

கேள்வி: எனக்கு 38 வயது, தனியார் வங்கியில் வேலை. தம்பி சொன்னானே என்று 'ஸ்கேவஞ்சர்ஸ் ரெய்ன்' என்ற அனிமேஷன் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். விண்கலம் பழுதாகி, முன்பின் தெரியாத கிரகத்தில் மாட்டிக்கொண்ட சிலரின் கதை. பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வேறு பேச்சே வரவில்லை. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் நான் வாயைத் திறந்தாலே ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். "இந்த வயசில் பொம்மைப் படமா?" என்கிறார் என் வீட்டுக்காரர். இத்தனைக்கும் அவர் பழைய முத்து காமிக்ஸை பீரோவில் பூட்டி வைத்திருப்பவர். கேப்டன் டைகர் என்றால் உயிர். ஒன்பது வயது மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். ராத்திரி பயந்துபோய் என்னோடு வந்து படுத்துக்கொண்டான். இரண்டாம் சீசன் வேறு வராதாம். எனக்கு ஏதாவது கோளாறா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கோளாறெல்லாம் இல்லை. ஆனால் பையன் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்குத்தான் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைக்கிறார். அவரைத் திட்டிக்கொண்டே நீங்களும் அதையே நம்பித்தான் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறீர்கள். அது பெரியவர்களுக்கான தொடர். உடம்புக்குள் புகுந்து வளரும் ஒட்டுண்ணி, மனசைப் பிடித்து ஆட்டிவைக்கும் ஜந்து, இதெல்லாம் ஒன்பது வயதுக்கு ஆகாது. இன்னும் ஐந்தாறு வருஷம் போகட்டும்.

அதுவரை அவனுக்குக் காட்ட உங்கள் ஊர்ப்பக்கமே ஒன்று இருக்கிறது. தொடரில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தியான ஊர்சுலா, வழியில் வரும் ஒரு சுவருக்குள் போய் வாயடைத்து நிற்பாளே, ஒரு சின்ன உயிர் பிறந்து, தன் ஒரே வேலையை முடித்துவிட்டு அங்கேயே அடங்கிவிடுமே, அந்த இடம் உங்களைத் தூங்கவிட்டிருக்காது என்று நினைக்கிறேன். என்னையும் விடவில்லை. கிட்டத்தட்ட அதே கதை ஆற்றோரத்து அத்தி மரத்தில் தினமும் நடக்கிறது. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பாட்டிமார் சொல்வார்கள் இல்லையா? அவற்றில் பெரும்பாலானவை குட்டிக் குளவிகள். அத்தியின் பூ வெளியே தெரியாது. நாம் காய் என்று நினைப்பதன் உள்பக்கச் சுவரெல்லாம் பூதான். நுனியில் இருக்கும் பொடி ஓட்டை வழியாகப் பெண் குளவி நெருக்கியடித்து உள்ளே போகும். அப்படிப் போகும்போதே இறக்கை பிய்ந்துவிடும். இனி அதற்கு வெளியே வேலை இல்லை. வேறு மரத்திலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கும், முட்டையிடும், அங்கேயே சாகும். அடுத்த தலைமுறையில் பிறக்கும் ஆண்களுக்கு இறக்கையே கிடையாது. பெண்களோடு கூடிவிட்டு, அவை வெளியே போகச் சுவரில் வழி தோண்டிக் கொடுப்பதோடு ஆண்களின் ஆயுள் பெரும்பாலும் முடிந்துவிடும். பெண்கள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த மரம் தேடிப் பறக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு லென்ஸோடு பையனைக் கூட்டிக்கொண்டு போய், பழுக்கிற பதத்தில் இருக்கும் நாலு காயைப் பிட்டுக் காட்டுங்கள். உங்களுக்கு அந்தத் தொடரில் எது பிடித்ததோ அது அவனுக்கும் கிடைத்துவிடும்.

அடுத்தது ஆபீஸ். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது: முதல் எபிசோடில் இது, மூன்றாவதில் அது, நீங்களும் அவசியம் பார்க்கணும். இந்தக் கடைசி வார்த்தைதான் ஆளை விரட்டுகிறது. சும்மா தயிர்சாதம் சாப்பிட வந்தவருக்கு நீங்கள் வீட்டுப்பாடம் கொடுக்கிறீர்கள். பார்க்கச் சொல்வதை அடியோடு விட்டுவிடுங்கள், ஏதாவது ஒன்றை மட்டும் சொல்லுங்கள். லெவி போதும். ஒரு ரோபோ, அதன் வயர்களுக்குள் அந்தக் கிரகத்துப் பூஞ்சை ஏதோ வளர ஆரம்பிக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அது தானாக யோசிக்கிறது, செடி நடுகிறது. அவ்வளவுதான், டிபன் பாக்ஸை மூடிவிடுங்கள். "அப்புறம்?" என்று யாராவது கேட்டால் நாளைக்கு மீதி. கேட்கவில்லையா, விட்டுவிடுங்கள், அவர்கள் பேசும் சீரியல் கதையை நீங்கள் எத்தனை நாள் காதுகொடுத்துக் கேட்டீர்கள் என்றும் ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவருவது சுலபம், சாவி அவர் பீரோவிலேயே இருக்கிறது. கேப்டன் டைகர் பிரெஞ்சில் புளூபெர்ரி. 1963இல் தொடங்கிய கௌபாய் கதை. வரைந்தவர் ழான் ஜிரோ. அதே மனிதர்தான் 'மோபியஸ்' என்ற புனைபெயரில் விஞ்ஞானக் கதைகளையும் வரைந்தார்: பரந்து கிடக்கும் வெட்டவெளி, ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு மனிதன், மெல்லிய சுத்தமான கோடு, பெயர் வைக்க முடியாத செடிகொடிகள். 2012இல் இறந்தார். ஜோசப் பென்னட்டும் சார்லஸ் ஹியூட்னரும் உருவாக்கிய உங்கள் தொடரை எங்கே நிறுத்திப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கைவரிசைதான் ஞாபகம் வருகிறது. ஆகவே வாதாடாதீர்கள். அந்தக் கிரகத்தின் வெட்டவெளி தெரியும் ஒரு காட்சியில் நிறுத்தி, 'தங்கக் கல்லறை'யில் பாலைவனம் வரும் பக்கத்தைப் பிரித்து அருகே வையுங்கள். "டைகரை வரைந்தவர் இந்த மாதிரியும் வரைந்திருக்கிறார், தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். காமிக்ஸ் வாசகர் என்றால் இந்த இடத்தில் மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டார். உங்களுக்கே பாடம் எடுக்க ஆரம்பிப்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போதும் 12 எபிசோடையும் நீட்டிவிடாதீர்கள். இதே இருவர் 2016இல் 'ஸ்கேவஞ்சர்ஸ்' என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். தொடருக்கு அதுதான் விதை. எட்டு நிமிடம் சொச்சம், பேச்சு என்று அநேகமாக ஒன்றும் இல்லை, இங்கிலீஷ் புரியவில்லை என்ற சாக்கும் செல்லாது. எட்டு நிமிடம் கொடுக்காத கணவரிடம் அதற்கு மேல் கேட்டும் பிரயோஜனம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அது அவர் ரசனை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு உங்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிய விஷயம். அதில் கூட ஆள் இருந்தே ஆகவேண்டும் என்று என்ன?

இரண்டாம் சீசன் பற்றி நீங்கள் கேட்டது உண்மைதான். முதல் சீசன் 2023 அக்டோபரில் மேக்ஸ் என்ற அமெரிக்க ஓடிடி தளத்தில் வந்தது. 2024 மே மாதத்தில் அவர்கள் கைவிட்டார்கள். நெட்ஃப்ளிக்ஸ் எடுத்து ஒளிபரப்பியது. அந்த ஆண்டு அமெரிக்க டிவி உலகின் எம்மி விருதுக்கு 'சிம்ப்சன்ஸ்' மாதிரி கார்ட்டூன் ஜாம்பவான்களோடு ஒரே பட்டியலில் நின்றது. அப்படியும் நெட்ஃப்ளிக்ஸ் நவம்பரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கு, நகைச்சுவை இல்லாமல், கையால் வரைந்த மாதிரி ஒரு கிரகத்தையே படைப்பது செலவு பிடிக்கிற வேலை. பார்க்கிற கூட்டமோ சின்னது. எனக்கும் கோபம்தான். ஆனாலும் கடைசியில் கொஞ்சம் வாலை நீட்டிவிட்டுப் போனதைத் தவிர, கதை பாதியில் நிற்கவில்லை. சஸ்பென்ஸில் நிறுத்திவிட்டுக் காணாமல் போன எத்தனையோ தொடர்களைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர்.

பென்னட்டும் சும்மா இருக்கவில்லை. ஸ்டீவ் ஹீலி என்பவரோடு சேர்ந்து 'காமன் சைட் எஃபெக்ட்ஸ்' என்று இன்னொரு தொடர், 2025 பிப்ரவரியில் தொடங்கியது. எந்த வியாதியையும் தீர்க்கக்கூடிய ஒரு காளான், அதைக் கண்டுபிடித்தவர் பின்னால் ஓடும் மருந்துக் கம்பெனியும் போலீஸும் என்று கதை போகும், சிரிப்பும் உண்டு. முதல் சீசனில் பத்து எபிசோட், இரண்டாம் சீசனையும் அறிவித்துவிட்டார்கள். இதுவும் பையனுக்கு இல்லை. ஆபீஸிலும் ஒரு மாதத்துக்கு மூச்சு விடாதீர்கள்.