பீடி சுற்றும் ஊரில் பள்ளிப் பிள்ளைகளைப் புகையிலையிலிருந்து காக்க ஊரைத் திரட்டுவது எப்படி?

தென்காசி மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். உயர்நிலைப் பள்ளியை ஒட்டிய பெட்டிக்கடைகளில் மாணவர்களுக்குப் பீடியும், வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலமான கூல் லிப்பும் தடையின்றிக் கிடைக்கின்றன. கிராம சபையில் இதை எடுத்துப் பேசியபோது, "வீட்டுக்கு வீடு பீடி சுற்றித்தானே சாப்பிடுகிறோம், எங்கள் பிழைப்பிலா கை வைக்கிறீர்கள்?" என்று பலர் எதிர்த்திருக்கிறார்கள். ஊரின் ஆதரவை எப்படிப் பெறுவது என்பது அவருடைய கேள்வி.

அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒரு பெண்ணின் காதில், 'புகையிலை ஒழிப்பு' என்ற சொல் தன் வருமானத்தை ஒழிக்கும் பேச்சாகத்தான் விழும். ஆகவே கோரிக்கையை இரண்டே செய்திகளுக்குச் சுருக்குங்கள்: பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. இரண்டும் 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 6ஆவது பிரிவில் விதித்திருப்பவை. பீடி சுற்றும் தொழிலை அந்தப் பிரிவு தொடவே இல்லை.

என் கணிப்பில், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான துணை பீடி சுற்றும் பெண்களேதான். பிள்ளைகள் இந்த வேலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்திருப்பவர்கள் அவர்கள். அடுத்த கிராம சபைக்கு முன்பே, சுற்றிய பீடியைப் பீடிக் கம்பெனிக் கடையில் கொடுக்க வரும் நேரத்தில், தொழிற்சங்கப் பெண்கள் ஓரிருவரை உடன் வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசுங்கள். அவர்களுடைய இருமலையும், புகையிலைத் தூள் கிடக்கும் அறையிலேயே குழந்தைகள் உறங்குவதையும், தூளை மூடியுள்ள டப்பாவில் எட்டாத இடத்தில் வைப்பதையும், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையையும் பேசிய பிறகு பள்ளி வாசலுக்கு வாருங்கள். சபையில் முதலில் எழுந்து பேசுபவர் அவர்களில் ஒருவராக இருந்தால், பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்ற வாதம் எடுபடாது. ஊர்வலமும் உறுதிமொழியும் அதற்குப் பின்னர் போதும்.

கடைக்காரர்களை முதன்முறை சந்திக்கும்போது காவலரை அழைத்துச் செல்ல வேண்டாம். நூறு கஜம் என்பது சுமார் 91 மீட்டர். அதைப் பள்ளியின் வாசலிலிருந்து அளக்காமல், சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். ஊராட்சித் தலைவரும் கடைக்காரரும் பார்க்க நாடா பிடித்து அளந்துவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். இந்த எல்லையைக் குறிப்பிடும் அறிவிப்புப் பலகையைப் பள்ளியே வைத்தாக வேண்டும். அது இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் முதலில் அதைக் கேளுங்கள். 6ஆவது பிரிவை மீறுவோருக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் அந்த அச்சம் மட்டும் நீடிக்காது. அன்றாடம் அரிசியும் எண்ணெயும் வாங்க வரும் தாய்மார்கள் நேரில் கேட்டுக்கொள்வதற்குத்தான் கடைக்காரர் கட்டுப்படுவார். ஆயினும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது என்பதைப் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

கிராம சபையில் வைக்கும் தீர்மானம் பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. எந்தச் சுவரிலிருந்து எந்தத் தெரு முனை வரை எல்லை, எவர் கண்காணிப்பார், எப்போது மறுபடி பேசுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊராட்சிச் செயலரிடம் முன்னதாகவே சொல்லிப் பொருள் நிரலில் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே பழகிவிட்ட மாணவர்களை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றினால் அந்தக் குடும்பங்கள் உங்களுக்கு எதிராகத் திரும்பும். பிள்ளையும் கடையோடே நின்றுவிடுவான். விட விரும்புவோருக்கு ஆலோசனை வழங்கும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் பெற்றோர் கூட்டத்துக்கு அழையுங்கள். புகைக்கும் தந்தையரும் அங்கே இருப்பார்கள்.

தீர்மானம் நிறைவேறிய பின், ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில், பெற்றோரில் இரண்டு பேரும் வார்டு உறுப்பினர் ஒருவரும் கடைகளை நேரில் பார்த்து வரட்டும். அப்போதும் விற்பனை தொடர்ந்தால், தீர்மானத்தின் நகலை இணைத்துக் காவல் நிலையத்துக்கும், வாயில் அடக்கும் புகையிலையாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.