இரண்டாவது ஏசி வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் சொந்த மாடி வீடு. எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். ஏசி எங்கள் படுக்கையறையில் இருக்கிறது. 74 வயது மாமியார் ஹாலில் படுப்பார். போன சித்திரையில் ஒரு ராத்திரி டிரான்ஸ்ஃபார்மர் போய், ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. அவருக்கு மயக்கமே வந்துவிட்டது. ஹாலுக்கும் ஏசி போடலாம் என்கிறார் கணவர். கல்லூரியில் படிக்கும் மகனோ, “இனிமே வெயில் கூடும், கரண்ட் கிடைக்காது, சோலார் போடுங்க” என்கிறான். எட்டு வயதில் ஒரு மகளும் உண்டு. கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும். எதைச் செய்ய?
- வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. வெயில் கூடும். கரண்ட் அடியோடு இல்லாமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2012-இல் நாம் பட்ட பாடு வேறு. அன்றைக்கு உற்பத்தியே போதவில்லை. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரம் இருட்டு. கரண்ட் வரும் நேரம் பார்த்து மாவாட்டினோம், அர்த்த ராத்திரியில் எழுந்து மோட்டார் போட்டோம்.

இப்போது வருவது நேரம் பார்த்து வரும் தட்டுப்பாடு. பகலில் சோலார் கைகொடுக்கிறது. ஆனி, ஆடியில் காற்றாலை சுற்றுகிறது. காற்று இன்னும் முழுசாக எழும்பாத சித்திரையில், பொழுது சாய்ந்த பிறகு, தெருவிலுள்ள அத்தனை ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் வினை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெளியே விலைக்கு வாங்கியாவது மாநிலம் சமாளித்துவிடும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும், பாவம்!

ஆகவே, கரண்ட் இல்லாத அந்த ஐந்து மணி நேரத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். அப்போது கணவரின் ஏசி ஓடாது. மகன் கேட்கும் சோலாரும் ஓடாது என்பதை அவனிடம் சொல்லுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கும் சோலார், லைனில் கரண்ட் போனால் பட்டப்பகலில்கூடத் தானாக நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, பில் நன்றாகக் குறையும். அடுத்த வருஷம் போடுங்கள்.

முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கு அதை உங்கள் தலையில் இறக்குகிறது. ஃபேன் போட்டால் அனல் காற்று வருவது அதனால்தான். பங்குனிக்குள் மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். வசதியிருந்தால் வெள்ளை ஓடு பதியுங்கள். உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். சுண்ணாம்பை மட்டும் மழைக்காலம் முடிந்ததும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் பலன் தரும்தான், ஆனால் கோடையில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது?

அடுத்தது ஃபேனும், கரண்ட் போனால் அதை ஓட்ட ஒரு இன்வெர்ட்டரும். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். கரண்டைக் குறைவாக இழுக்கும் புது வகையான பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 30 வாட் போதும். 150 ஏஎச் (பேட்டரி எவ்வளவு கரண்டைப் பிடித்து வைக்கும் என்பதன் அளவு இது) பேட்டரி வைத்த இன்வெர்ட்டரில் மூன்று பழைய ஃபேன் ஐந்து மணி நேரம் ஓடினாலே பெரிது. புது ஃபேன் மூன்று என்றால் விடிய விடிய ஓடும். இன்வெர்ட்டரை ‘சைன் வேவ்’ என்று கேட்டு வாங்குங்கள், லைன் கரண்ட் போலவே சீராகத் தரும் வகை அது.

கணவர் சொல்வதையும் நான் தள்ளவில்லை. 74 வயது உடம்புக்குக் குளிர்ந்த அறை மருந்து மாதிரி. ஆனால் ஒன்றரை டன் ஏசி ஒன்று ராத்திரிக்கு ஏழெட்டு யூனிட் தின்னும். இரண்டாவதும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால், ஆரம்ப யூனிட்டுகளுக்குக் குறைந்த கட்டணம் என்று கிடைக்கும் சலுகையும் சேர்ந்து போகும். இதற்கிடையில், ஏற்கெனவே இருக்கும் ஏசிக்குக் கீழே மாமியார் ஏன் படுக்கவில்லை? மகனும் மருமகளும் படுக்கும் அறைக்குள் பாயோடு வர எந்த மாமியாருக்குக் கூச்சமிருக்காது? பங்குனி முதல் ஆனி வரை அந்த அறையை அவருக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டு நீங்கள் இருவரும் ஹாலுக்கு வாருங்கள். ஏசியை 26-இல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும்.

மயக்கம் வந்ததை அவருடைய டாக்டரிடம் சொன்னீர்களா? சில பிரஷர் மாத்திரைகள் உடம்பிலுள்ள நீரை இறக்கிவிடும்; வெயில் காலத்துக்கு அளவு மாற்ற வேண்டுமா என்று அவர்தான் பார்க்க வேண்டும். வெக்கையில் பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அறை மாறும் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள், “எனக்காக நீங்க ஏம்மா வெளிய படுக்கணும்” என்று மறுத்துவிடுவார். மகளை அனுப்புங்கள். “அப்பாயி, நீங்க வந்தாத்தான் நான் படுப்பேன்” என்று அவள் கையைப் பிடித்து இழுக்கட்டும்.