வன்னியில் ஓடும் மின்சார மலைச் சைக்கிளுக்கு எந்த கியர் செட் போடலாம்?

கேட்டவர் கிளிநொச்சியில் இருக்கிறார். பெடல் அச்சில் மோட்டார் வைத்த மின்சார மலைச் சைக்கிள், 12 கியர். பின் பல்சக்கரங்கள் தேய்ந்து, மிதித்தால் செயின் வழுக்குகிறது. அதே 12 கியர் செட்டைத் திரும்ப வாங்குவதா, வேறு எதுவும் போடலாமா என்பது கேள்வி.

அதையே திரும்ப வாங்காதீர்கள். 9 அல்லது 10 கியருக்கு இறங்குங்கள், முடிந்தால் முன் பல்சக்கரத்தைப் பெரிதாக்குங்கள். நானும் உங்களைப் போல 12இலேயே தொங்கிக்கொண்டிருந்து பட்ட பிறகு சொல்கிறேன்.

என் சைக்கிள் சுவிஸில் இருக்கும் சித்தப்பா வீட்டுச் சாமான்களோடு கப்பலில் அனுப்பியது. (160 வாட்-மணி (Wh) கொள்ளளவுக்கு மேலே போகும் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது. இந்தச் சைக்கிள் பற்றரிகள் 500, 600 என்று இருக்கும்.) அல்ப்ஸ் மலை ஏறுவதற்குச் செய்த வண்டி. பின்னால் 10 முதல் 51 பல் வரை. அந்த 51 பல் சக்கரத்துக்கு இங்கே என்ன வேலை? இரணைமடுக் குளக்கட்டில் ஏறுவதுதான் நமக்கு மலை. இரண்டு வருடத்தில் என் பெரிய சக்கரங்கள் நான்கும் புதிதுபோலப் பளபளத்தன. சின்னச் சக்கரங்கள் மூன்றும் சுறாப் பல் மாதிரி கூராகிவிட்டன.

காரணம் எளிய கணக்கு. ஐரோப்பிய வண்டிகளில் மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிடும். தட்டைத் தரையில் எப்போதும் அந்த வேகத்தை ஒட்டியே ஓடுவோம். முன்னால் 34 பல், 29 அங்குலச் சில்லு, நிமிடத்துக்கு 70 சுற்று மிதி என்றால் பின்னால் 13 பல் அளவில் செயின் கிடக்க வேண்டும். அதாவது நாள் முழுக்க 12உம் 14உம்தான் அடி வாங்கும். சின்னச் சக்கரத்தில் ஒரே நேரத்தில் செயினைப் பிடிக்கும் பற்கள் குறைவு, அதனால் சீக்கிரம் தேயும். முன்னால் 38 போட்டால் அதே வேகத்துக்குச் செயின் 15 பல்லுக்கு நகர்ந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. 85 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கொண்ட மோட்டார் முழுப் பலத்தோடு இழுக்கும்போது, 34 பல் சக்கரத்தில் மோட்டாரால் மட்டும் செயினில் விழும் இழுவை ஏறக்குறைய 125 கிலோ. உங்கள் கால் பலம் அதற்கு மேல். 38 பல் என்றால் மோட்டாரின் பங்கு 113 ஆகிவிடும். ஆனால் வாங்கும் முன் சட்டத்துக்கும் முன் பல்சக்கரத்துக்கும் இடையில் இடம் இருக்கிறதா, உங்கள் மோட்டாருக்குப் பொருந்தும் சக்கரம்தானா என்று பாருங்கள். செயினும் ஓரிரு கண்ணி நீளமாக வேண்டும்.

நான் செய்த பிழை வேறு. காசு மிச்சம் பிடிக்கப் பழைய பின் பல்சக்கரங்களை அப்படியே விட்டு, புதுச் செயின் மட்டும் போட்டேன். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. ஒட்டுசுட்டானைத் தாண்டி முத்தையன்கட்டுப் பக்கம் போகும்போது மோட்டார் இழுத்த இழுவையில் செயின் துள்ளித் துள்ளி, கடைசியில் அறுந்தே போனது. மெல்லிய 12 கியர் செயினுக்கு இணைப்புக் கண்ணி அந்தப் பக்கத்தில் எந்தக் கடையிலும் இல்லை. 25 கிலோ வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். பிறகு ஒரு ஐயா தன் லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, "தம்பி, இதுக்கு நம்மட பழைய சைக்கிள் காணும்" என்றார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை. பதில் சொல்ல வாய் வரவில்லை.

சரி, எதைப் போடுவது? முதலில் பின்னால் உள்ள மிகச் சின்னச் சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். 11 என்றால் பெரும்பாலும் ஹப்பில் (பின் சில்லின் நடுப் பகுதியில்) பல்சக்கரங்களைச் செருகும் உருளை பழைய எச்ஜி வகை, கவலையில்லை. 10 என்றால் அது மைக்ரோ ஸ்பிளைன் அல்லது எக்ஸ்டி என்ற புது வகை உருளை. நான் கீழே சொல்லும் சக்கரங்கள் அதில் ஏறாது. உருளையை மட்டும் கழற்றி எச்ஜி வகை போட வேண்டும். அது ஹப் செய்த நிறுவனத்திடம்தான் கிடைக்கும். சில மலிவான ஹப்களுக்குக் கிடைப்பதே இல்லை, அப்போது ஹப்பையே மாற்றிச் சில்லைத் திரும்பக் கம்பி கோக்க வேண்டிவரும். பலர் எல்லாம் வாங்கிய பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

என் தேர்வு ஷிமானோவின் லிங்க்கிளைட், 10 கியர், 11 முதல் 43 பல். 2021இல் வந்தது. பற்கள் தடிப்பானவை, வழக்கமான ஹைப்பர்கிளைட் சக்கரங்களைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று ஷிமானோவே சொல்கிறது. பாரம் கூடத்தான். மோட்டார் இழுக்கும் வண்டியில் அந்தப் பாரம் யாருக்குத் தெரியப் போகிறது? சாதாரண 11 கியர் செயினே இதற்குப் போதும். ஒன்று மட்டும் கவனம்: ஷிஃப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை), பின் டீரெய்லர் (செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்தும் பகுதி), பின் பல்சக்கரங்கள் மூன்றையும் லிங்க்கிளைட்டாகவே வாங்குங்கள். பழைய ஷிஃப்டரை வைத்துச் சமாளிக்க முடியாது, கேபிள் இழுக்கும் அளவு வேறு.

கை இறுக்கம் என்றால் மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட், 9 கியர், 11 முதல் 42. சாதாரண 9 கியர் செயின் போதும், அது நம் ஊர்க் கடைகளில் தேடினால் அகப்படும். சோளகம் எதிரே அடிக்கிற ஆடியில் பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போவதற்குக்கூட இந்த கியர்கள் தாராளம்.

அப்புறம் செயின். கிரவல் ரோட்டுச் செம்மண் தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கும் பசைதான். பழைய எஞ்சின் ஒயில் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். கோடையில் உலர் வகைச் செயின் எண்ணெய் கொஞ்சமாக விட்டு, மேலே உள்ளதைத் துணியால் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை 12 அங்குல அடிமட்டத்தைச் செயினில் வையுங்கள். ஒரு ஆணி நடுவில் பூச்சியத்தை வைத்தால் 24 கண்ணி தாண்டிய ஆணியின் நடு சரியாக 12இல் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் அன்றைக்கே செயினை மாற்றுங்கள், பின் பல்சக்கரங்கள் தப்பும்.

பற்களை எண்ணிவிட்டு, ஹப்பில் எழுதியிருக்கும் பெயரையும் பின்னூட்டத்தில் போடுங்கள். உருளை கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.