பிரெஞ்சு கார் என்றாலே ஒயரிங் தகராறா?

வாசகர் கேள்விகளுக்குத் தக்கலை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரின் பதில்கள்

கேள்வி: 8 வருடமாக ஒரு பிரெஞ்சு கம்பெனி கார் வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். 3 மாதமாக, காலையில் சாவியைத் திருப்பினால் ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் என்று எல்லா லைட்டும் திருவிழா சீரியல் செட் மாதிரி எரிகிறது. மத்தியானம் எடுத்தால் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, மாற்ற 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். துபாயில் இருக்கும் மச்சினனோ, "பிரெஞ்சு காருன்னா கரண்ட் வேலை அப்படித்தான், வித்துத் தள்ளுங்க" என்கிறான். விற்கவா, பெட்டியை மாற்றவா?
– வாசகர், குளச்சல்

பதில்: இரண்டும் வேண்டாம் அண்ணாச்சி. பெட்டி செத்திருந்தால் மத்தியானம் மட்டும் எப்படி அதற்கு உயிர் வரும்? முதலில் பேட்டரி நெகட்டிவில் இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.

போன ஆடியில் முட்டத்தில் இருந்து ஒரு வண்டி இதே கோளாறோடு வந்தது. அதுவும் பிரெஞ்சுதான். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் தப்பு கம்பெனியுடையது அல்ல. மேலே பார்த்தால் எர்த் ஒயர் பளபளவென்று இருந்தது. நான் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு பையனை ஸ்டார்ட் போடச் சொன்னேன். 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் காட்டலாம். 1.4 காட்டியது. ஒயர் நுனியில் போல்ட் மாட்டுகிற வளையம், அதாவது லக் பக்கம் கறுப்பு ரப்பரைப் பிளேடால் கீறினேன். உள்ளே இருந்து பச்சைப் பொடி உள்ளங்கையில் கொட்டியது. களிம்பு. வெண்கலப் பாத்திரத்தில் புளி போட்டு வைத்தால் பூக்குமே, அதேதான். செம்பு இழைகளில் முக்கால்வாசி தொட்டால் ஒடிந்தது.

உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க அந்த இணைப்பு ஈரத்தில் ஊறிக் கிடக்கும். காலையில் ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது, மிச்சமிருக்கிற நாலு இழையால் அதைத் திருப்பிப் பேட்டரிக்குக் கொண்டுபோக முடியாது. அந்த நொடியில் எலக்ட்ரானிக் பெட்டிகளுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் அடி மட்டத்துக்குப் போய்விடும். ஒரு பெட்டி கூப்பிட்டால் இன்னொரு பெட்டி பதில் சொல்லாது. ஒவ்வொன்றும் மற்றதன் மேல் புகார் எழுதி வைக்கும். கோளாறு படிக்கிற ஸ்கேனரைச் செருகினால் அந்தப் புகார்கள்தான் வரிசையாக வந்து விழும். தெருவில் பத்து வீட்டில் ஒரே நேரத்தில் டிவி நின்றால் பத்து டிவியும் ரிப்பேர் என்றா சொல்வோம்? போஸ்ட்டில் போய்ப் பார்க்க மாட்டோமா? முட்டம் வண்டிக்குப் புது எர்த் ஒயர், லக், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய் வாங்கினேன். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரிய உரசி, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினேன். இதுவரை திரும்பி வரவில்லை.

மச்சினன் சொன்னது அத்தனையும் பொய்யுமில்லை. சித்ரோயன் எக்ஸ்எம் என்று ஒரு கார் 1989-ல் வந்தது. 1990-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருதும் வாங்கியது. ஆனால் முதலில் வந்த வண்டிகளில் ஒயர்களை இணைக்கிற கப்ளரும் எர்த்தும் மோசமாக இருந்து, ஓட்டினவர்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அதற்குப் பின் 2001-ல் விற்பனைக்கு வந்த ரெனோ லகூனா, சாவிக்குப் பதில் அட்டையைக் கொடுத்தது. யூரோ என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் காரும் அதுதான். எலக்ட்ரானிக்ஸ் கோளாறில் அதன் பெயர் கெட்டது. கடைசியில் 2006-ல் கம்பெனித் தலைவர் கார்லோஸ் கோன், அடுத்த லகூனா தரத்தில் தன் வகைக் கார்களில் முதல் 3 இடத்துக்குள் வரும் என்று ஊரறிய வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதைகள்தான் கை மாறிக் கை மாறி துபாய் வரைக்கும் வந்திருக்கின்றன. இங்கே ஓடுகிற ரெனோவை ஒரகடத்திலும் சித்ரோயனை திருவள்ளூர் பக்கத்திலும் பூட்டுகிறார்கள். பிரான்ஸில் 20 வருடம் முன்னால் செய்த பாவத்தை அதன் தலையில் கட்டக் கூடாது.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. பிரெஞ்சுக்காரர்களுக்கு எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து அடைப்பதில் அலாதிப் பிரியம். பெஜோ, சித்ரோயனில் அதற்கு பிஎஸ்ஐ என்று பெயர், ரெனோவில் யுசிஎச். லைட், வைப்பர், கதவுப் பூட்டு, இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் நாட்டாமை. பழைய பிரீமியர் பத்மினி காரில் வைப்பர் நின்றால் சுவிட்சில் இருந்து மோட்டார் வரைக்கும் டெஸ்ட் லாம்பைப் பிடித்துக்கொண்டே போவேன், ஆசான் கற்றுத் தந்தது அதுதான். இதில் சுவிட்ச் பெட்டியிடம் மனு மட்டும்தான் கொடுக்கும். ஒயரிங் படம் இல்லாமல் கை வைக்க முடியாது, எங்களைப் போன்ற ரோட்டோரக் கடைக்காரனுக்கு அந்தப் படம் லேசில் கிடைப்பதுமில்லை. அதனால்தான் பலரும் சட்டென்று "பெட்டி போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி: பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் கூடவே மங்கலாக எரிகிறது. வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மெக்கானிக் சிரிக்கிறார்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பின் லைட்டுக்கு எர்த் இல்லை. மேம்பாலத்தில் வண்டி நின்றுவிட்டால் ஆட்டோவெல்லாம் சந்துக்குள் புகுந்து போகுமே, அது மாதிரி திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகப் போகிறது. லைட்டைக் கழற்றி, ஹோல்டரின் எர்த் பின்னில் இருந்து ஒரு துண்டு ஒயரைப் பாடியில் தொட்டுப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பேய் ஓடினால் அந்தப் பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் போதும். இது எந்த நாட்டுக் காருக்கும் வரும்.

கேள்வி: வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறேன். கார் வீட்டில் நிற்கிறது. 3 வாரம் எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. 2 பேட்டரி மாற்றியாயிற்று. அப்பா ஞாயிறுதோறும் 5 நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைத்தும் பயனில்லை.
– வாசகி, அருமனை

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூட்டி நிற்கும் காரும் அலாரம், ரிமோட், கடிகாரத்துக்காகக் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை பொறுக்கலாம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 21 நாளில் 25. உங்கள் பேட்டரி 45 என்றால் பாதிக்கு மேல் காலி. ஆக, நல்ல வண்டியே 3 வாரத்தில் திணறும். 5 நிமிட ஸ்டார்ட்டில் அது நிறையாது. ஸ்டார்ட்டருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவே சரியாக இருக்கும்.

ஆனாலும் அளந்து பார்ப்பது நல்லது. நெகட்டிவைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டரைக் கோர்த்து, கதவைப் பூட்டி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெட்டிகள் உடனே தூங்காது. அவசரப்பட்டுப் பார்த்துவிட்டு "லீக்கேஜ்" என்று கத்துகிறவர்கள் நிறைய. தூங்கின பிறகும் 50-க்கு மேல் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பாருங்கள். வெளியில் வாங்கி மாட்டின டேஷ் கேமராவையும் ஜிபிஎஸ்ஸையும்தான் முதலில் சந்தேகப்படுவேன். சாவிக்குப் பதில் அட்டை உள்ள வண்டி என்றால் அட்டையைக் கார் ஷெட் ஆணியில் தொங்கவிடாமல் வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். அது பக்கத்தில் இருந்தால் சில வண்டிகள் விழித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் விமானம் ஏறும் நாளில் அப்பா 10-ம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றிவிட்டால் சங்கதி முடிந்தது. மறுபடி மாட்டும்போது ரேடியோ ரகசிய எண் கேட்கலாம், அந்த எண் உள்ள அட்டையை எங்கே வைத்தீர்கள் என்று இப்போதே தேடிவிடுங்கள்.

உங்கள் பக்கம் ரப்பர் தோட்டம். 2 மாதத்துக்கு ஒரு முறை பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காரை அயனிப் பலா மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். மழை பெய்தால் முன்பக்க மிதியடி நனைகிறது, சென்ட்ரல் லாக் தானாகவே பூட்டித் திறக்கிறது.
– வாசகர், குலசேகரம்

பதில்: நமக்கு வருடத்தில் 2 மழைக்காலம், மரத்துக்கோ வருடம் பூரா இலையுதிர்வு. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதன் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் இறங்க ஓட்டை இருக்கும். பலா இலைச் சருகு அதை அடைத்தால் தண்ணீர் குளம் கட்டி, ஒயர் நுழைகிற துவாரம் வழியாக உள்ளே இறங்கும். ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் ஃபியூஸ் பெட்டியில் சொட்டும். பூட்டு ஆடுவது அதனால்தான். ஒரு கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். வெயில் நாளிலும் மிதியடி நனைந்தால் அது ஏசி தண்ணீர்க் குழாய் அடைப்பு, வேறு கதை. நனைந்த கப்ளரைக் காய வைக்க ஹீட் கன் பிடிக்க வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும். காண்டாக்ட் கிளீனர் அடித்து ஒரு பகல் திறந்து போடுங்கள்.

கேள்வி: பழைய பிரெஞ்சு கார் வாங்கலாமா?
– வாசகர், வடசேரி

பதில்: வாங்கலாம். இரண்டாவது சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பின்னால் ஒயரை வெட்டி டேப் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுற்றியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மிதியடியைத் தூக்கி மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் அங்கே பேரம் பேசவே வேண்டாம்.