உறையின் அடித்தையல் பிரிவது ஏன்?

எண்ணூர்க் கரையில் ஜெனரேட்டரைப் புயலிலிருந்து காக்கும் கூடு கட்ட, காற்றடைத்து நிமிர்த்திய இரட்டைத் தார்ப்பாய் உறையின் இரு துணிகளுக்கு நடுவே கான்கிரீட் ஊற்றியபோது அடித்தையல் பிரிந்ததாக எழுதியிருந்தீர்கள். தைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். ஈரக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. 2 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றினால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 டன் பக்க அழுத்தம். எந்தத் தையல் தாங்கும்?

இரு துணிகளையும் உள்ளே நெருக்கமாக நாடாவால் பிணைத்து, அரை மீட்டர் அரை மீட்டராக ஊற்றலாம். ஆனால் நான் பரிந்துரைப்பது, பலூனை ஊதி, மேலே கம்பி கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சும் முறை. அமெரிக்காவில் வாலஸ் நெஃப் என்ற கட்டடக் கலைஞர் 1940களிலேயே இப்படி வீடுகள் கட்டினார். கான்கிரீட் இறுகும்வரை காற்றழுத்தம் குறையவே கூடாது. மின்வெட்டை நினைத்து மாற்று ஏற்பாடு வையுங்கள். உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும், கம்பிக்கு வெளியே 50 மி.மீ. மூடுகனம் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கட்டாயம். ஜெனரேட்டரின் புகை வெளியேறவும் வழி விடுங்கள்.